தேர்வு மாறும் முன் எதை முடித்துக்கொள்ள வேண்டும்?

வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வடசென்னையிலிருந்து வந்தவை. ஏறத்தாழ எல்லாமே கணிதத் தேர்வைப் பற்றியவை. பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்தியவர்கள், அதற்கு இணையான சான்றிதழைப் பெறுவதற்காக எழுதும் தேர்வுகளில் மற்ற பாடங்களைக் கடந்துவிட்டுக் கணிதத்தில் மட்டும் நின்றுவிடுவதும், அந்த நேரம் பார்த்து "தேர்வு முறை மாறப்போகிறதாம்" என்ற பேச்சு காதில் விழுந்து கலங்குவதும் பரவலாக நடக்கின்றன. முதல் கடிதம் அமெரிக்கத் தேர்வு ஒன்றைப் பற்றியது. ஆனாலும் அதற்கான பதிலில் பெரும்பகுதி இங்கே தேர்வு எழுதுகிறவர்களுக்கும் பயன்படும் என்பதால், அதையே விரிவாக எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் தங்கை பிளஸ் ஒன் படிக்கும்போதே திருமணமாகி, இப்போது கணவருடன் கலிஃபோர்னியாவில் இருக்கிறாள். அங்கே பள்ளிப் படிப்புக்கு இணையான ஜி.இ.டி. தேர்வை எழுதிவருகிறாள். நான்கு பாடங்களில் இரண்டில் தேர்ச்சி பெற்றுவிட்டாள். கணிதமும் அறிவியலும் பாக்கி. கணிதத் தேர்வு மாறப்போகிறது, புதிய முறை வந்த பிறகு எழுதினால் எளிதாக இருக்கும் என்று உடன் படிக்கும் சிலர் சொல்கிறார்களாம். வேறு சிலரோ, உடனே எழுதி முடித்துவிடு என்கிறார்களாம். பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள். கணக்கில் மோசமில்லை, ஆனால் பயம் அதிகம். நான் என்ன சொல்லட்டும்?
வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: காத்திருக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அதற்கான காரணம் கணிதத்தின் கடினத்தில் இல்லை. உங்கள் தங்கை ஏற்கெனவே தேர்ச்சி பெற்றுவிட்ட அந்த இரண்டு பாடங்களில்தான் இருக்கிறது.

ஜி.இ.டி. தேர்வு 1942ஆம் ஆண்டில், பள்ளிப் படிப்பை முடிக்காமல் இரண்டாம் உலகப்போருக்குச் சென்ற அமெரிக்க வீரர்களுக்காகத் தொடங்கப்பட்டது. அதன் பிறகு அவ்வப்போது அது புதுப்பிக்கப்பட்டே வந்திருக்கிறது. அவற்றில் இன்றைக்கும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய மாற்றம் 2014 ஜனவரியில் நடந்தது. அதுவரை ஐந்து பகுதிகளாக இருந்த தேர்வு, மொழி, கணிதம், அறிவியல், சமூக அறிவியல் என்ற நான்கு பாடங்களாக மாறியது. முழுவதும் கணினியில் எழுதும் தேர்வாயிற்று. கணிதத்தில் இயற்கணிதத்தின் பங்கு கூடியது. இந்த மாற்றங்கள் எல்லாவற்றையும்விட மாணவர்களைக் கடுமையாகப் பாதித்தது வேறொன்று. பழைய ஐந்து பகுதிகளில் மூன்றிலோ நான்கிலோ தேர்ச்சி பெற்றுவிட்டு, மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தவர்களின் மதிப்பெண்கள் 2013 டிசம்பர் இறுதியோடு காலாவதியாகிவிட்டன. ஒரே ஒரு கணிதப் பகுதி மட்டும் பாக்கி வைத்திருந்தவரும் புதிய தேர்வை முதலிலிருந்து எழுத வேண்டியவரானார். அவர்களில் எத்தனையோ பேர் வேலைக்குச் சென்றுகொண்டும் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டும் இரவில் படித்தவர்கள் என்பதை எண்ணும்போது, அந்த இழப்பு மனத்தை வருத்துகிறது.

இனி வரும் எந்த மாற்றத்திலும் அதே போல நடக்கும் என்று நான் சொல்லவில்லை. கணிதத் தாளில் மட்டும் செய்யப்படும் திருத்தம் மற்ற பாடங்களின் தேர்ச்சியைத் தொட வேண்டிய தேவையே இல்லை. மாற்றம் மாணவர்களுக்குச் சாதகமாக அமைந்ததும் உண்டு: 2014இல் 150 என்று வைக்கப்பட்ட தேர்ச்சி மதிப்பெண் 2016 ஜனவரியில் 145 ஆகக் குறைக்கப்பட்டது, பல மாநிலங்கள் அதை 2014 முதல் எழுதியவர்களுக்கும் பின்னோக்கிப் பொருத்தி, தோற்றவர்களாகக் கருதப்பட்ட பலருக்குச் சான்றிதழ் வழங்கின. ஆகவே மாற்றம் என்றாலே கெடுதல் என்று அஞ்சவும் வேண்டாம், சலுகை என்று நம்பிக் காத்திருக்கவும் வேண்டாம். "கணக்கு எளிதாகுமா, கடினமாகுமா?" என்று கேட்பதற்கு முன்னால், "நான் ஏற்கெனவே பெற்ற தேர்ச்சி புதிய முறையில் செல்லுமா, எந்தத் தேதி வரை பழைய தாளை எழுதலாம்?" என்று உங்கள் தங்கை கேட்க வேண்டும். இந்த இரண்டுக்கும் விடை அவருடைய ஜி.இ.டி. கணக்கில் வரும் அறிவிப்பிலும், அவர் வசிக்கும் மாநிலக் கல்வித்துறையின் அறிவிப்பிலும் கிடைக்கும். வகுப்புத் தோழிகளின் பேச்சை அதற்கு ஈடாகக் கொள்ளக் கூடாது.

மாநிலம் என்பதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் எந்தத் தேர்வை ஏற்றுக்கொள்வது என்பதை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே முடிவு செய்கிறது. நியூயார்க் மாநிலம் 2014இல் ஜி.இ.டி.யைக் கைவிட்டு டாஸ்க் என்ற வேறொரு தேர்வுக்கு மாறியது. அந்தத் தேர்வு 2021 இறுதியோடு நிறுத்தப்பட்டபோது, 2022இல் மீண்டும் ஜி.இ.டி.க்கே திரும்பியது. கலிஃபோர்னியாவில் ஜி.இ.டி.யுடன் ஹைசெட் என்ற தேர்வும் ஏற்கப்படுகிறது. ஹைசெட்டின் கணிதத் தாள் 90 நிமிடம். வினாக்கள் விடையைத் தேர்ந்தெடுக்கும் வகையைச் சேர்ந்தவை. "கணிதத்தை மட்டும் அந்தத் தேர்வில் எழுதிவிடலாமே" என்று யாராவது உங்கள் தங்கைக்கு ஆலோசனை சொல்லக்கூடும். இரண்டு தேர்வுகளின் பாடங்களையும் கலந்து ஒரே சான்றிதழாகப் பெற்றுவிடலாம் என்று தாமாகவே முடிவு செய்துகொள்ளாமல், மாநிலக் கல்வித்துறையிடம் எழுத்து மூலமாகக் கேட்ட பிறகே அந்த வழியில் செல்ல வேண்டும்.

இனி, இப்போதுள்ள முறையில் கணிதத்தை எழுதுவதற்கு எப்படித் தயாராவது என்று பார்க்கலாம். ஜி.இ.டி. கணிதத் தாளுக்கு 115 நிமிடம். முதலில் வரும் ஐந்து வினாக்களைக் கால்குலேட்டர் இல்லாமல் செய்ய வேண்டும். அதை முடித்துவிட்டு அடுத்த பகுதிக்குப் போனால் திரும்பி வர முடியாது. அடுத்த பகுதியில் கணினித் திரையிலேயே ஒரு கால்குலேட்டர் தரப்படும். பரப்பளவு, கன அளவு, சாய்வு, இருபடிச் சமன்பாட்டின் தீர்வு முதலியவற்றுக்கான சூத்திரங்களும் ஒரு தாளாகத் தரப்படும். மதிப்பெண் 100 முதல் 200 வரையிலான அளவுகோலில் கணக்கிடப்படும். 145 எடுத்தால் தேர்ச்சி. வினாக்களில் ஏறத்தாழ 45 விழுக்காடு எண்கணிதமும் வடிவியல் அளவுகளும் சார்ந்தவை. 55 விழுக்காடு இயற்கணிதம் சார்ந்தவை.

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு வரை படித்த ஒருவருக்கு இந்தத் தாளில் எது எளிது, எது இடறும் என்பது அங்கேயே படித்த மாணவர்களின் நிலைக்குப் பெரும்பாலும் நேர்மாறாக இருக்கும். நம் பள்ளித் தேர்வில் கால்குலேட்டருக்கு அனுமதி இல்லை என்பதால், அங்குள்ள பலரும் அஞ்சும் அந்த முதல் ஐந்து வினாக்கள் உங்கள் தங்கைக்குச் சிரமம் தரா. பின்னங்களைக் கூட்டுவதும், குறை எண்களைப் பெருக்குவதும், அடுக்குக்குறி விதிகளும் அவருடைய கைப்பழக்கத்தில் இருக்கும். சாய்வு, நேர்க்கோட்டின் சமன்பாடு, காரணிப்படுத்துதல் ஆகியவற்றையும் அவர் இங்கேயே படித்திருக்கிறார். ஆங்கிலப் பெயர்களை மட்டும் பொருத்திக்கொள்ள வேண்டும். தமிழ் வழியில் படித்தவர்கள் கணிதச் சொற்களுக்கென்று தனியாக ஒரு சிறு நோட்டுப் போட்டு, ஒரு பக்கம் தமிழ்ச் சொல், மறுபக்கம் ஆங்கிலச் சொல், கீழே ஒரு சிறு எடுத்துக்காட்டு என்று எழுதிவைத்துக்கொண்டால், மனத்தில் பாதியாவது பயம் தணியும். இந்தத் தேர்வு ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் மட்டுமே நடப்பதால், இந்த உழைப்பைத் தவிர்க்க இயலாது.

இடறும் இடம், வாசகமாகக் கொடுக்கப்படும் கணக்கு. ஓர் எடுத்துக்காட்டை நானே அமைத்துத் தருகிறேன். ஓர் அறையின் நீளம் 14 அடி, அகலம் 12 அடி, உயரம் 9 அடி. நான்கு சுவர்களுக்கும் இரண்டு கோட்டிங் வண்ணம் அடிக்க வேண்டும். ஒரு டின் 350 சதுர அடிக்கு வரும் என்றால் எத்தனை டின் வாங்க வேண்டும்? சுற்றளவு 52 அடி. சுவர்களின் பரப்பு 468 சதுர அடி. இரண்டு கோட்டிங்குக்கு 936 சதுர அடி. அதை 350ஆல் வகுத்தால் கால்குலேட்டர் 2.67 என்று காட்டும். விடை 3 டின். நம் தேர்வுகளில் வகுத்து வந்த எண்ணையே விடையாக எழுதிப் பழகிய பிள்ளைகள் இங்கே 2.67 என்று எழுதிவிடுவார்கள். வினா என்ன கேட்கிறது என்பதை மறுபடி படித்து, வந்த எண் கடையில் வாங்கக்கூடிய எண்தானா என்று பார்க்கும் பழக்கத்தை அவர் உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

அலகுகளிலும் கவனம் தேவை. அடியும் அங்குலமும் சதுர அடியும் மனைக்கணக்கில் நமக்குப் பழகியவை. காலன், பவுண்டு, அவுன்ஸ், மைல் ஆகியவற்றைப் புதிதாகப் பழக வேண்டும். ஓர் அடிக்கு 12 அங்குலம், ஒரு பவுண்டுக்கு 16 அவுன்ஸ், ஒரு காலனுக்கு 4 குவார்ட் என்பவை வினாவில் சொல்லப்படாமலேயே தேவைப்படலாம். அங்கே ஒன்றே கால் லட்சத்தை 125,000 என்று காற்புள்ளியிட்டு எழுதுவார்கள். நாம் 1,25,000 என்று எழுதுவோம். அவசரத்தில் பெரிய எண்களைத் தவறாகப் படித்துவிட இந்தச் சிறிய வேறுபாடே போதும்.

கால்குலேட்டரைத் தேர்வு நாளன்று முதன்முறையாகத் தொடக் கூடாது. பின்னத்தை உள்ளிடுவது, வர்க்கமூலம் எடுப்பது, குறைக்குறிக்கும் கழித்தல் குறிக்கும் தனித்தனி விசைகள் இருப்பது ஆகியவற்றை முன்கூட்டியே பழகிக்கொள்ள வேண்டும். அதிகாரபூர்வ மாதிரித் தேர்வு ஒன்றைக் கட்டணம் செலுத்தி எழுதிப் பார்க்கலாம். தேர்ச்சிக்கு எவ்வளவு அருகில் இருக்கிறார் என்பதை அது காட்டும். ஒருமுறை தவறினாலும் அந்தப் பாடத்தை மட்டும் மறுபடி எழுதலாம். பொதுவான விதிப்படி, முதல் முறைக்குப் பிறகு இரண்டு முறை காத்திருப்பின்றி எழுத வாய்ப்பு உண்டு. அதற்கும் மேல் என்றால் 60 நாள் இடைவெளி வேண்டும். மாற்றம் வரும் தேதி அறிவிக்கப்பட்டுவிட்டால், அந்த 60 நாளையும் கணக்கில் சேர்த்துப் பின்னோக்கி எண்ணித்தான் முதல் தேர்வுக்கு நாள் குறிக்க வேண்டும். கடைசி வாரத்தில் எழுதித் தவறினால் மறுவாய்ப்புக்கு இடமிருக்காது.

இரவில் தொலைபேசியில் பேசும்போது, "படித்தாயா?" என்று கேட்பதைவிட, ஒரு வாசகக் கணக்கைத் தமிழில் சொல்லி அதை ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அக்காவிடம் தவறாகச் சொல்வதற்கு அவர் கூச்சப்பட மாட்டார்.

கேள்வி: 2018இல் பத்தாம் வகுப்பு எழுதினேன். கணிதத்தில் மட்டும் தோல்வி. இப்போது கொருக்குப்பேட்டையில் லேத் பட்டறையில் வேலை செய்கிறேன். புத்தகமே மாறிவிட்டது, இனி ஐந்து பாடங்களையும் எழுத வேண்டும் என்று பட்டறையில் ஒரு அண்ணன் சொல்கிறார். உண்மையா? பழைய நோட்டு வீட்டில் இருக்கிறது.
வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: புத்தகம் மாறியது உண்மை, ஐந்து பாடங்களையும் எழுத வேண்டும் என்பது உண்மையில்லை. தமிழ்நாடு அரசின் பத்தாம் வகுப்புத் தேர்வில் தேர்ச்சி பெற்ற பாடங்கள் தேர்ச்சியாகவே நிற்கும். தவறிய கணிதத்தைத் தனித்தேர்வராக எழுதினால் போதும். முந்தைய பதிலில் குறிப்பிட்ட இழப்பு உங்களுக்கு இல்லை என்பதே பெரிய ஆறுதல்.

நீங்கள் படித்தது 12 அத்தியாயங்கள் கொண்ட பழைய சமச்சீர்ப் பாடநூல். 2019–20ஆம் கல்வியாண்டில் வந்த புதிய நூலில் எட்டு அத்தியாயங்கள்: உறவுகளும் சார்புகளும், எண்களும் தொடர்வரிசைகளும், இயற்கணிதம், வடிவியல், ஆயத்தொலை வடிவியல், முக்கோணவியல், அளவியல், புள்ளியியலும் நிகழ்தகவும். எண்ணிக்கை குறைந்ததால் பாடம் குறைந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். தனி அத்தியாயமாக இருந்த அணிகள் இயற்கணிதத்துக்குள் போயிருக்கிறது, செய்முறை வடிவியலும் வரைபடங்களும் அந்தந்தப் பாடங்களோடு சேர்ந்துவிட்டன. புதிதாக வந்தவை சார்புகளின் சேர்ப்பு, மட்டு எண்கணிதம், மூன்று மாறிகளில் அமைந்த ஒருங்கமை சமன்பாடுகள், சீவாஸ் தேற்றம், மெனலாஸ் தேற்றம் முதலியன. உங்கள் பழைய நோட்டில் கூட்டுத்தொடர், பெருக்குத்தொடர், திட்டவிலக்கம், கூம்பு, உருளை, நிகழ்தகவு, சாய்வு பற்றிய பகுதிகள் இன்றைக்கும் பயன்படும். அதைத் தூக்கி எறியாதீர்கள். ஆனால் புதிய நூலை வாங்காமல் அதை மட்டும் நம்பியும் தேர்வுக்குப் போகாதீர்கள்.

வினாத்தாளின் அமைப்பும் மாறியிருக்கிறது. இப்போது மூன்று மணி நேரம்; அதற்கு முன்பாக வினாத்தாளைப் படிக்க 10 நிமிடமும் விவரங்களை நிரப்ப 5 நிமிடமும் தருகிறார்கள். ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. இரண்டு மதிப்பெண் வினாக்கள் 14 கொடுத்துப் பத்துக்கு விடையளிக்கச் சொல்வார்கள். ஐந்து மதிப்பெண் வினாக்களும் அவ்வாறே 14க்குப் பத்து. இந்த இரு பகுதிகளிலும் கடைசி வினா, அதாவது 28ஆம் வினாவும் 42ஆம் வினாவும், கட்டாயம் எழுத வேண்டியவை. இறுதியில் வடிவியல் வரைதலுக்கும் வரைபடத்துக்கும் தலா 8 மதிப்பெண். உங்கள் காலத்தில் இவற்றுக்குத் தலா 10 இருந்ததை நினைவில் வைத்து, "வரைந்தே 20 வாங்கிவிடலாம்" என்று கணக்குப் போட்டிருந்தால், அதை 16 என்று திருத்திக்கொள்ளுங்கள்.

தேர்ச்சிக்கு 35 வேண்டும். பட்டறையில் நாள் முழுவதும் நின்று வேலை செய்துவிட்டு வருகிறவர் எட்டு அத்தியாயங்களையும் ஒரே அளவு கவனத்தோடு படிக்க முயன்றால் இரண்டாவது வாரத்திலேயே களைத்துப்போவார். ஆகையால் வரைதலிலிருந்து தொடங்குங்கள். மில்லிமீட்டருக்கும் கீழே அளவு பார்த்து இரும்பைக் கடைகிற உங்கள் கை, காம்பஸையும் கோணமானியையும் மற்றவர்களைவிட நிதானமாகவே பிடிக்கும். வடிவொத்த முக்கோணம், அடிப்பக்கமும் உச்சிக்கோணமும் தந்து முக்கோணம் வரைதல், வட்டத்துக்கு வெளியே உள்ள புள்ளியிலிருந்து தொடுகோடுகள் ஆகிய மூன்று வகைகளையும் உதவிப்படத்தோடு வரைந்து பழகுங்கள். வரைபடத்தில் நேர் மாறுபாடு, எதிர் மாறுபாடு, இருபடிச் சமன்பாடு ஆகியவை உண்டு. அளவுத்திட்டத்தை வரைபடத்தாளின் மூலையில் எழுதாமல் விடுவதால் மதிப்பெண் இழப்பவர்கள் நிறையப் பேர். இந்தப் பகுதியில் 14 வாங்கிவிட்டால், ஒரு மதிப்பெண் வினாக்களில் எட்டும், இரண்டு மதிப்பெண் வினாக்களில் நான்கும், ஐந்து மதிப்பெண் வினாக்களில் ஒன்றும் சரியாக எழுதினாலே 35ஐ எட்டிவிடலாம். ஐந்து மதிப்பெண்ணுக்குத் திட்டவிலக்கம், நிகழ்தகவின் கூட்டல் தேற்றம், அளவியலில் இணைந்த உருவங்கள், வடிவியலில் தேல்ஸ் தேற்றம், பிதாகரஸ் தேற்றம் ஆகியவற்றை முழுமையாகப் படித்துக்கொள்ளுங்கள்.

தனித்தேர்வர்களுக்கான விண்ணப்ப அறிவிப்பை அரசுத் தேர்வுகள் இயக்ககம் வெளியிடும். விண்ணப்பத்தை அதன் சேவை மையங்களில் நேரில் சென்று பதிவு செய்ய வேண்டும். பழைய மதிப்பெண் சான்றிதழைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கடைசி நாளில் பட்டறையில் விடுப்பு கிடைக்காமல் போகலாம் என்பதால், முதல் வாரத்திலேயே போய்விடுவது நல்லது.

கேள்வி: இனிமேல் பத்தாம் வகுப்புக்கு ஆண்டுக்கு இரண்டு தேர்வு, கணக்கில் எளிய தாள், கடினத் தாள் என்று இரண்டு வகை என்கிறார்கள். என் மகன் அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். அவனுக்கும் இது உண்டா?
வாசகி, பெரம்பூர்

பதில்: நீங்கள் கேள்விப்பட்ட இரண்டும் சி.பி.எஸ்.இ. வாரியத்துக்கு உரியவை. அங்கே கணிதத்தில் இரண்டு நிலைத் தாள்கள் 2019–20 முதல் இருக்கின்றன. ஆண்டுக்கு இரண்டு பொதுத்தேர்வு என்பது 2026 முதல் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் கணிதத்துக்கு ஒரே தாள்தான். மார்ச்சில் தவறியவர்களுக்குத் துணைத் தேர்வு உண்டு. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி நீக்கப்பட்டது பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு. உங்கள் மகன் எழுதப்போகும் பத்தாம் வகுப்புத் தேர்வு அப்படியே இருக்கிறது.

கேள்வி: எனக்கு 34 வயது. எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டேன். மணலியில் ஒரு நிறுவனத்தில் ஒப்பந்த வேலை. தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பை முடிக்கலாம் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார்கள். அதில் கணக்கே எடுக்க வேண்டியதில்லையாம். எனக்குக் கணக்கு என்றால் சிறுவயதிலிருந்தே நடுக்கம். கணக்கை விட்டுவிடலாமா?
வாசகி, திருவொற்றியூர்

பதில்: விட்டுவிட விதி இடம் தருகிறது. என்.ஐ.ஓ.எஸ். என்று அழைக்கப்படும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் பத்தாம் வகுப்பில் ஐந்து பாடங்களில் தேர்ச்சி பெற்றால் போதும்; ஒரு மொழிப்பாடமாவது அவற்றில் இருக்க வேண்டும்; மற்றவற்றை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். ஆனால் விடுவதற்கு முன், சான்றிதழ் எதற்காக வேண்டும் என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

இருக்கும் வேலையில் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி என்ற தகுதி மட்டும் போதும் என்றால், கணிதம் இல்லாத சான்றிதழும் அதைத் தரும். நாளைக்கு ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் போன்ற பிரிவில் சேர விரும்பினாலோ, கணிதமும் அறிவியலும் படித்திருக்க வேண்டும் என்று கேட்கும் ஒரு பணிக்கு விண்ணப்பிக்க நேர்ந்தாலோ, அந்த ஒரு பாடம் இல்லாதது கதவை அடைத்துவிடும். பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையின் அப்ரண்டிஸ் பயிற்சியே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு; வயது வரம்பின் காரணமாக அது உங்களுக்குப் பொருந்தாது என்றாலும், உங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பு முடிக்காத தம்பி, தங்கை இருந்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். அதற்குப் புதிதாகச் சேர்பவர்கள் கணிதம், அறிவியலுடன் பத்தாம் வகுப்பில் மொத்தம் 50 விழுக்காடாவது பெற்றிருக்க வேண்டும். இங்கே 35 எடுத்துக் கணிதத்தைக் கடந்தவரும் கூட, மொத்த மதிப்பெண் குறைந்தால் அந்த வாய்ப்பை இழப்பார்.

என் கருத்தைக் கேட்டால், கணிதத்தை எடுங்கள் என்பேன். ஆனால் அதன் தேர்வை முதல் முறையிலேயே எழுதாதீர்கள். இந்தத் திட்டத்தில் பதிவு ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும்; அதற்குள் ஒன்பது முறை பொதுத்தேர்வு எழுதும் வாய்ப்பு கிடைக்கும்; தேர்வுகள் ஆண்டுக்கு இரு முறை நடக்கின்றன; ஒரு முறைக்கு ஒன்றிரண்டு பாடங்களாக எழுதித் தேர்ச்சியைச் சேர்த்துக்கொண்டே போகலாம். தேர்ச்சிக்கு 33 விழுக்காடு. தமிழும் உங்களுக்குப் பிடித்த இன்னொரு பாடமும் முதலில் முடியட்டும். "நம்மால் முடிகிறது" என்ற துணிவு வந்த பிறகு கணிதத்தைத் தொடுங்கள். வேலைக்குப் போய்வரும் ஒருவருக்கு இந்த வரிசைதான் ஏற்றது. ஒரேயொரு எச்சரிக்கை: ஐந்து ஆண்டு என்பது நீண்ட காலம் போலத் தோன்றும், கணிதத்தைக் கடைசி ஆண்டு வரை தள்ளிவிட்டால், பதிவு முடிந்துபோய்ப் புதிதாகப் பதிய வேண்டிய நிலை வரும். இரண்டாம் ஆண்டிலேயே அதைத் தொடங்கிவிடுங்கள்.

எட்டாம் வகுப்பிலிருந்து நேராகப் பத்தாம் வகுப்புக் கணிதத்துக்குப் போவதால், முதல் மூன்று மாதம் ஆறு முதல் எட்டு வரையிலான தமிழ்நாடு பாடநூல்களையே படியுங்கள். பின்னம், விகிதம், விழுக்காடு, ஒரு மாறியில் அமைந்த சமன்பாடு ஆகிய நான்கும் கைவந்துவிட்டால் மற்றவை அவற்றின் மேல் அமரும். மளிகைக் கடையில் மீதிச் சில்லறையை மனத்திலேயே கணக்கிடுகிற உங்களுக்கு இவை புதியவை அல்ல. பதிவு செய்யும்போது நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஒவ்வொரு பாடத்துக்கும் தமிழில் பாடநூல் கிடைக்கிறதா என்பதைப் படிப்பு மையத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: காசிமேட்டில் மீன் ஏற்றும் வேலை செய்கிறேன். என் மகள் தனித்தேர்வராகக் கணக்கு எழுத வேண்டும். "தேர்வு முறை மாறிவிட்டது, எங்களிடம்தான் புது மெட்டீரியல் இருக்கிறது" என்று ஒரு டுடோரியலில் பெரிய தொகை கேட்கிறார்கள். கடன் வாங்கிக் கட்டட்டுமா?
வாசகர், காசிமேடு

பதில்: அதற்காகக் கடன் வாங்காதீர்கள் ஐயா. தேர்வு முறை மாறினால் அந்த மாற்றத்தை முதலில் வெளியிடுவது அரசுத் தேர்வுகள் இயக்ககம். அது எல்லாருக்கும் பொதுவாக, கட்டணமின்றி வெளியாகும். எந்த டுடோரியலுக்கும் தனியாக ஒரு புதிய பாடம் கொடுக்கப்படுவதில்லை. பத்தாம் வகுப்புக் கணிதப் பாடநூலை அரசின் இணையதளத்திலிருந்து செல்பேசியிலேயே இலவசமாகப் பதிவிறக்கலாம். அச்சு நூலாக வேண்டுமென்றால், நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில், டி.பி.ஐ. என்று நாம் அழைத்துவந்த பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகத்தில் பாடநூல் கழகத்தின் விற்பனை இடத்தில் அச்சிட்ட விலைக்கே வாங்கலாம். முந்தைய ஆண்டுகளின் பொதுத்தேர்வு வினாத்தாள்களும் எளிதில் கிடைக்கும். 2019–20க்குப் பிந்தைய தாள்களாகப் பார்த்து எடுங்கள். அதற்கு முந்தையவை வேறு பாடத்திட்டத்தைச் சேர்ந்தவை.

மகளுக்கு நேரில் சொல்லித்தர ஆள் வேண்டும் என்றால், உங்கள் பகுதியில் மாலை நேரத்தில் கட்டணமில்லாமல் பாடம் சொல்லித்தரும் இளைஞர்கள் இருக்கிறார்களா என்று விசாரியுங்கள். அவள் முன்பு படித்த பள்ளியின் கணித ஆசிரியரிடம் போய்க் கேட்பதற்கும் தயங்க வேண்டாம். தவறிய மாணவி திரும்பி வந்து சந்தேகம் கேட்டால் மகிழாத ஆசிரியர் அரிது. அப்படியும் டுடோரியலில்தான் சேர்க்க வேண்டியிருந்தால், முழுத் தொகையையும் முன்னதாகக் கட்டாமல் மாதக் கட்டணமாகக் கேளுங்கள், ரசீது வாங்குங்கள், மகளின் அசல் மதிப்பெண் சான்றிதழையும் மாற்றுச் சான்றிதழையும் எந்தக் காரணம் சொல்லிக் கேட்டாலும் அவர்களிடம் கொடுக்காதீர்கள், நகல் போதும். தேர்வுக்கான விண்ணப்பத்தை நீங்களும் மகளும் சேவை மையத்துக்கு நேரில் சென்றே பதிவு செய்து, ஒப்புகைச் சீட்டை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். நுழைவுச்சீட்டைப் பதிவிறக்க அதிலுள்ள விண்ணப்ப எண் தேவைப்படும்.